பத்தாவது முடித்த மகள் தத்துவம்தான் படிப்பேன் என்கிறாள். புதுச்சேரி, கடலூர் பக்கம் ஏதாவது வழி இருக்கிறதா?

மாடிவீட்டுக்காரி

வணக்கம். நாங்கள் முத்தியால்பேட்டை. மகள் அரசுப் பள்ளியில் பத்தாவது முடித்திருக்கிறாள், மார்க் நன்றாகவே வந்திருக்கிறது, கணக்கிலும் குறை சொல்ல முடியாது. அதனால் ப்ளஸ் ஒன்னில் பயோ மேத்ஸ் என்று வீட்டில் எல்லோரும் முடிவு செய்துவிட்டோம், அவளைத் தவிர. அவளுக்குத் தத்துவம் படிக்க வேண்டுமாம்.

இது எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் யாருக்கும் புரியாது. என் நாத்தனார் குடும்பம் பிரான்சில் இருக்கிறது. அவர் பையன் 2024 ஜூனில் பாக் என்கிற பள்ளி இறுதிப் பரீட்சை எழுதினான். அன்று சாயங்காலமே கேள்வித்தாளை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தான். "அரசு நமக்கு ஏதாவது கடன்பட்டிருக்கிறதா?" என்று ஒரு கேள்வி. "உண்மை வேண்டும் என்ற நம் தேவையை அறிவியலால் தீர்த்துவைக்க முடியுமா?" என்று இன்னொன்று. இரண்டில் ஒன்றை எடுத்துக்கொண்டு நான்கு மணி நேரம் எழுத வேண்டுமாம். "அம்மா, ஒரே கேள்வி, நாலு மணி நேரம், புக்குல பதிலே கிடையாது" என்று அன்றைக்குக் குதித்தவள்தான், இன்னும் அடங்கவில்லை.

அப்புறம் இன்னொன்று நடந்தது. மாமனார் திதிக்கு மொட்டைமாடியில் இலை போட்டுக் காக்காவுக்காகக் காத்திருந்தோம். காக்கா வரவேயில்லை. அரைமணி நேரம் கழித்து ஓர் அணில் வந்து வடையை இழுத்துக்கொண்டு தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஓடிவிட்டது. எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நிற்கும்போது இவள் சத்தமாக, "அப்ப தாத்தாவுக்குப் போய்ச் சேர்ந்துச்சா இல்லையா? அதை யாரு முடிவு பண்றது?" என்று கேட்டுவைத்தாள். பெரியவர்கள் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. மாமியார் அன்றிலிருந்து, "இதைப் படிச்சா சாமி கும்பிடறதையே விட்டுடுவா" என்று ஒரே பாட்டு.

எனக்குத் தெரிய வேண்டியது இதுதான். பதினொன்று, பன்னிரண்டில் தத்துவம் ஒரு பாடமாக இங்கே எங்கேயாவது இருக்கிறதா? இல்லை என்றால் என்ன செய்யலாம்? மாமியார் சொல்வது போல் நடந்துவிடுமா? கிண்டல் செய்கிறவர்கள் செய்யுங்கள், பரவாயில்லை, கூடவே பதிலும் எழுதிவிட்டுப் போங்கள்.

கடற்கரைச்சாலை

அக்கா, உங்கள் நாத்தனார் பையன் எழுதிய அதே பரீட்சையை நான் இந்த ஊரில் இருந்துகொண்டே 2022இல் எழுதினேன். பிரெஞ்சுப் பாடத்திட்டம் என்பதால் கடைசி வருஷமான தெர்மினாலில் தத்துவம் எல்லோருக்கும் கட்டாயம். அறிவியல் எடுத்தவனும் தப்ப முடியாது. பொதுப் பிரிவில் வாரம் நான்கு மணி நேரம் வகுப்பு. பாக் மொத்த எடை நூறு என்றால் அதில் எட்டு இதற்கு. பாடம் என்று பார்த்தால் பதினேழு சொற்கள்தான், மகிழ்ச்சி, கடமை, நீதி, வேலை, காலம், மொழி, உண்மை, மதம் என்கிற மாதிரி. எந்தச் சொல்லிலிருந்தும் கேள்வி வரலாம். கேள்வி பிடிக்காவிட்டால் மூன்றாவதாக ஒரு தத்துவ ஆசிரியரின் பத்தியைக் கொடுத்து விளக்கச் சொல்வார்கள். அந்த ஆசிரியர் பட்டியலில் எண்பது பேருக்கு மேல், பிளேட்டோ, அரிஸ்டாட்டில் என்று பெரும்பாலும் வெள்ளைக்காரர்களாக இருக்க, நடுவில் நம் நாட்டுப் பௌத்தத் தத்துவவாதி நாகார்ஜுனர் பெயரைப் பார்த்ததும் எனக்கு ஊர்க்காரரைப் பாரிஸில் பார்த்த மாதிரி இருந்தது.

என் முதல் கட்டுரைக்கு இருபதுக்கு ஏழு. எப்படி வாங்கினேன் என்று கேளுங்கள். பெரியவர்கள் சொன்னால் அதை உண்மை என்று ஏற்கலாமா என்கிற மாதிரிக் கேள்வி. நானும் சும்மா விடவில்லை, "எப்பொருள் யார்யார்வாய்க் கேட்பினும்" குறளைப் பிரெஞ்சில் மொழிபெயர்த்துப் போட்டு, இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்பே எங்கள் வள்ளுவர் சொல்லிவிட்டார், ஆகவே ஏற்கக் கூடாது என்று கம்பீரமாக முடித்தேன். ஆசிரியை ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்தது: "யார் சொன்னாலும் நம்பாதே என்கிறீர்கள். வள்ளுவர் சொன்னதால் நம்புகிறீர்கள்." அவ்வளவுதான். வீட்டுக்குப் போய் அந்த வரியை எத்தனை தடவை படித்தேன் என்று தெரியாது. குறள் மேல் தப்பில்லை, நான் அதை வாதமாகப் பயன்படுத்தாமல் போலீஸ்காரர் மாதிரிக் கூட்டிக்கொண்டு வந்து நிறுத்தியதுதான் தப்பு.

அதற்குப் பிறகு புரிந்தது, இந்தப் பாடத்தில் யார் என்ன சொன்னார் என்பது பாதிகூடக் கிடையாது. கேள்விக்குள் என்ன முரண் ஒளிந்திருக்கிறது என்று முதலில் கண்டுபிடிக்க வேண்டும். ஒரு பக்கம் நின்று முழு மனதோடு வாதாட வேண்டும். பிறகு எதிர்ப்பக்கம் போய் அதே முழு மனதோடு வாதாட வேண்டும். கடைசியில் இரண்டும் ஏன் மோதுகின்றன என்று காட்ட வேண்டும். நடுவில் "எல்லாவற்றிலும் நல்லதும் உண்டு கெட்டதும் உண்டு" என்று எழுதினால் சிவப்பு மைதான்.

ஆனால் அக்கா, உங்கள் மகளுக்கு இந்த வழி சரிப்படாது. சின்ன வகுப்பிலிருந்து பிரெஞ்சில் படிக்காமல் பதினொன்றில் நேராக நுழைவது நடக்கிற காரியம் இல்லை, அதுவும் நான்கு மணி நேரம் பிரெஞ்சில் எழுதுவது என்றால். ஆசை காட்டி ஏமாற்ற விரும்பவில்லை.

கணக்குவழக்கு

ஒளிவுமறைவில்லாமல் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். கணக்கு நன்றாக வருகிற பெண்ணைத் தத்துவத்தில் தள்ளுவது பாவம். நான் பொறியியல் முடித்து வேலைக்குப் போன பிறகு நினைத்த புத்தகமெல்லாம் படிக்கிறேன், யார் தடுத்தது? முதலில் வயிற்றுக்கு வழி. யூடியூபில் பிளேட்டோ முதல் விவேகானந்தர் வரை இலவசமாகக் கிடைக்கிறார்கள்.

புலியூர் வாத்தியார்

அம்மா, நான் கடலூர்க்காரன், மேல்நிலை வகுப்புக்கு வரலாறும் அறவியலும் நடத்தியவன். மேலே தம்பி எழுதிய பென்சில் வரியைப் படித்துச் சிரித்துக்கொண்டே இருக்கிறேன். நானும் பத்திருபது வருஷம் அதே தப்பைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவன்தான், அதற்குப் பத்துக்குப் பத்து மார்க் வேறு போட்டிருக்கிறேன்.

உங்கள் முதல் கேள்விக்கு வருகிறேன். உங்கள் பக்கம் அரசுப் பள்ளிகள் சிபிஎஸ்இக்கு மாறிவிட்டன. அதில் இப்போது பதினொன்று, பன்னிரண்டுக்குத் தத்துவம் என்று தனிப் பாடம் கிடையாது. கன்னியக்கோயிலைத் தாண்டி எங்கள் பக்கம் வந்தால் தமிழ்நாட்டுப் பாடத்திட்டம். அதில் "அறவியலும் இந்தியப் பண்பாடும்" என்று இரண்டு வருஷத்துக்கும் ஒரு பாடம் உண்டு, எழுத்துத் தேர்வுக்கு 90, அகமதிப்பீட்டுக்கு 10. கலைப் பிரிவில் சில பள்ளிகளில் மட்டும் வைத்திருப்பார்கள், எல்லா இடத்திலும் தேடினால் கிடைக்காது. பாடநூலை இணையத்திலிருந்து இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். ஆனால் என் அபிப்பிராயம், பெயரில் அறவியல் முன்னால் இருந்தாலும் உள்ளே பண்பாடுதான் அதிகம். இன்னது இன்னது எங்கள் பெருமை என்று படித்து எழுதிவிட்டு வரலாம், ஒரு பிள்ளை எதிர்த்துக் கேள்வி கேட்டால் அதற்கு வினாத்தாளில் இடம் கிடையாது. இதற்காக நீங்கள் வீடு மாற்றிக்கொண்டு கடலூர் வர வேண்டாம். தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் மேல்நிலையில் பாரதிய தர்சனம் என்று ஒன்று இருக்கிறது, அது சமஸ்கிருத மரபை ஒட்டிய பாடம், உங்கள் மகள் கேட்பது அதுவா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

முக்கியமான விஷயம் என்னவென்றால், கல்லூரியில் பி.ஏ. தத்துவம் சேரப் ப்ளஸ் டூவில் தத்துவம் படித்திருக்க வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை. தாம்பரத்தில் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் இருக்கிறது, ராதாகிருஷ்ணன் தத்துவம் படித்த கல்லூரி அது. மயிலாப்பூரில் விவேகானந்தா கல்லூரியில் இருக்கிறது. மேற்படிப்புக்கு உங்கள் ஊரிலேயே புதுவைப் பல்கலைக்கழகம், எங்கள் மாவட்டத்தில் சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம், இரண்டிலும் தத்துவத் துறை உண்டு. ஆகவே இந்த இரண்டு வருஷமும் அவள் எந்தப் பிரிவு எடுத்தாலும் கதவு மூடிவிடாது. கணக்கோடு எடுத்தாலும் சரி, வரலாறு, அரசியல் அறிவியல் எடுத்தாலும் சரி.

அப்படியென்றால் இந்த இரண்டு வருஷமும் அவள் என்ன செய்வது? ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிக் கொடுங்கள். வாரம் ஒரு கேள்வி. இடது பக்கம் அவள் நினைப்பதை எழுதட்டும். வலது பக்கம் அதை மறுக்கிறவன் சொல்வதை எழுதட்டும், ஆனால் மறுக்கிறவன் படித்துப் பார்த்து "ஆமாம், நான் சொல்ல வந்தது இதுதான்" என்று ஒத்துக்கொள்ளும்படி எழுத வேண்டும். இது பிரான்சிலிருந்து வந்த சரக்கு என்று நினைக்காதீர்கள். சிவஞானபோதம் என்ற சைவ சித்தாந்த நூலைப் பாடிய மெய்கண்டார் பிறந்தது இங்கே பெண்ணாடத்தில். அவர் மாணவர் அருணந்தி சிவாச்சாரியார் சிவஞானசித்தியார் எழுதும்போது முதலில் தன் கொள்கையைச் சொல்லவில்லை. பரபக்கம் என்று முதல் பாதி முழுக்க, கண்ணால் காண்பதை மட்டுமே நம்பும் உலகாயதரிலிருந்து ஆரம்பித்து மற்றவர்கள் கொள்கையை ஒவ்வொன்றாக எடுத்து வைத்து, மறுத்து, அப்புறம்தான் சுபக்கத்துக்கு, அதாவது தன் கொள்கைக்கு வருகிறார். மணிமேகலையில் அந்தப் பெண் வஞ்சியில் ஒவ்வொரு சமயக் கணக்கரிடமாகப் போய் உன் கொள்கை என்ன என்று கேட்கிறாளே, அவளும் உங்கள் மகள் வயதுக்காரி மாதிரித்தான் எனக்குத் தெரிகிறது.

சாமி கும்பிடுவதை விட்டுவிடுவாளா என்று கேட்டீர்கள். எங்கள் திருப்பாதிரிப்புலியூர் ஒரு காலத்தில் பாடலிபுத்திரம், சமணர்கள் பள்ளி நடத்திய இடம். திருவாமூரில் பிறந்த மருள்நீக்கியார் இங்கே வந்து சமணராகித் தருமசேனர் என்று பெரிய நிலைக்குப் போனார். பிறகு சூலை நோய் வந்து, திருவதிகையில் அக்காவிடம் போய், நோய் தீர்ந்து, அப்பர் ஆனார். இதை நான் வகுப்பில் சொல்லிவிட்டு ஒரு கேள்வி கேட்பேன். வயிற்றுவலி தீர்ந்தது ஒரு சமயம் உண்மை என்பதற்குச் சான்றா? அப்படியென்றால் வேறு சமயத்தில் வேண்டிக்கொண்டு வலி தீர்ந்தவருக்கு என்ன பதில்? இல்லையென்றால் அந்த அனுபவத்துக்கு மதிப்பே இல்லையா? வகுப்பு ரெண்டுபட்டுப் போகும். நாற்பது நிமிஷம் சண்டை போட்டுவிட்டு, அதே பிள்ளைகள் சாயங்காலம் பாடலீசுவரர் கோயிலில் வரிசையில் நின்று என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். ஒன்றிரண்டு பேர் வராமல் போயிருக்கலாம், நான் எண்ணிப் பார்த்ததில்லை.

கணக்குவழக்கு

வாத்தியார் ஐயா, எழுத்து நன்றாக இருக்கிறது. சம்பளம் எங்கே என்பதுதான் என் கேள்வி.

கடற்கரைச்சாலை

சம்பளம் பற்றிச் சொல்லிவிடுகிறேன். சிவில் சர்வீஸ் முதன்மைத் தேர்வில் 2013லிருந்து அறவியலுக்கென்றே ஒரு தாள், 250 மார்க். விருப்பப் பாடமாகத் தத்துவம் எடுத்தால் இரண்டு தாள், இன்னொரு 500. சட்டப் படிப்புக்கான கிளாட் நுழைவுத் தேர்வில் தர்க்கத்துக்குத் தனிப் பகுதி இருக்கிறது. நான் இப்போது சட்டம் படிக்கிறேன், மூட் கோர்ட் என்கிற மாதிரி நீதிமன்றப் பயிற்சியில் எதிர்த்தரப்பு வாதத்தை முதலில் எழுதிப் பார்ப்பது அந்த ஏழு மார்க்கின் புண்ணியம். ஆனால் யூடியூப் விஷயத்தில் உங்களோடு ஒத்துப்போகிறேன் அண்ணா, கேட்பதற்கு நல்லது. கேட்டால் புரிந்த மாதிரியே இருக்கும், ஒரு பக்கம் எழுதிப் பார்த்தால்தான் புரியவில்லை என்று தெரியும்.

குரோய்டன் கடலூர்க்காரி

நான் தேவனாம்பட்டினத்தில் பிறந்தவள், கல்யாணமாகி லண்டன் பக்கம் வந்து வருஷங்கள் ஓடிவிட்டன. பையன் இங்கே ப்ளஸ் டூ மாதிரியான ஏ லெவலில் மூன்று பாடத்தில் ஒன்றாக ரிலிஜியஸ் ஸ்டடீஸ் எடுத்தான். நானும் முதலில் பைபிள் வகுப்பு போலிருக்கிறது என்று நினைத்து, ஏன்டா உனக்கு இது என்று கேட்டேன். அப்படி இல்லை. அவன் எழுதிய தேர்வு வாரியத்தில் மூன்று தாள், மதத் தத்துவம் ஒன்று, அறவியல் ஒன்று, மதச் சிந்தனை வளர்ந்த விதம் ஒன்று. இரண்டு மணி நேரத்தில் நான்கு கேள்வியில் மூன்றுக்குக் கட்டுரை, ஒவ்வொன்றும் நாற்பது மார்க். அந்த நாற்பதில் தெரிந்ததைச் சொல்வதற்குப் பதினாறுதான், அதை எடைபோட்டு வாதிடுவதற்கு இருபத்துநாலு. இதைக் கேட்டபோதுதான் நாங்கள் ஊரில் படித்த படிப்புக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று எனக்கு உறைத்தது, எங்களுக்கு நாற்பதும் தெரிந்ததைச் சொல்வதற்குத்தான்.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். தீமை ஏன் இருக்கிறது, கடவுள் நல்லவர், எல்லாம் வல்லவர் என்றால் இதை ஏன் விட்டுவைத்தார் என்று ஒரு பாடம். அதற்காக அவன் போர்ச்சுகல் நாட்டு லிஸ்பன் நிலநடுக்கத்தைப் படித்துக்கொண்டிருந்தான். 1755 நவம்பர் 1, புனிதர்கள் எல்லோருக்குமான திருநாள், ஜனங்கள் காலையில் தேவாலயத்தில் இருக்கும்போது பூமி ஆடியது, அப்புறம் கடல் உள்ளே வந்தது, அப்புறம் நெருப்பு. பிரெஞ்சு எழுத்தாளர் வோல்டேர் இதை வைத்து, எல்லாம் நன்மைக்கே என்பவர்களைக் கிழித்து ஒரு கவிதை எழுதினாராம். ரூசோ என்ற இன்னொரு தத்துவவாதி அவருக்குப் பதில் கடிதம் எழுதி, ஆறேழு மாடி வீடுகளை அங்கே நெருக்கிக் கட்டியது இயற்கை இல்லையே, மனிதர்கள்தானே என்றாராம். பையன் இதைச் சமையலறையில் உட்கார்ந்து சத்தமாகப் படிக்கிறான், எங்கள் அம்மா அப்போது எங்களோடு வந்து தங்கியிருக்கிறாள், வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்கிறாள். சுனாமி வந்த 2004 டிசம்பர் 26 அன்று அவள் தேவனாம்பட்டினத்தில் இருந்தவள். அவனுக்கு அது தெரியும், ஆனால் தெரிந்தது இரண்டும் அவன் தலையில் ஒன்றுசேரவில்லை.

அம்மா கேட்டாள், "அந்த ரெண்டாவது ஆளு என்ன சொன்னாரு?" இவன் தமிழில் தட்டுத்தடுமாறிச் சொன்னான். "கடல் தொழில் செய்றவன் கடல் ஓரமாத்தான் இருக்கணும், மாடியில ஏறி மீன் பிடிக்க முடியுமா" என்றாள். பிறகு கொஞ்ச நேரம் கழித்து அவளாகவே, "சாமிதான் எடுத்துக்கிச்சு. என்னை விட்டதும் அதே சாமிதான். ரெண்டையும் சேர்த்து எப்புடிடா கும்பிடுறதுன்னு நானும் பாக்கறேன்" என்றாள். கையில் வெங்காயம் இருந்ததால் அழுகிறாளா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. பையன் எதுவும் பேசாமல் நோட்டில் எழுதிக்கொண்டான். பரீட்சையில் ஆயாவைப் பற்றி எழுதினானா என்று நான் கேட்கவில்லை.

உங்கள் மாமியாரிடம் இதைச் சொல்லுங்கள். எங்கள் அம்மா எட்டாவது தாண்டாதவள், தத்துவ வகுப்புக்குப் போனதில்லை, இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டேதான் ஆடி மாசம் கூழ் ஊற்றுகிறாள்.

மாடிவீட்டுக்காரி

எல்லோருக்கும் நன்றி. குரோய்டன் அக்கா எழுதியதை மாமியாருக்குப் படித்துக் காட்டினேன். ஒன்றும் சொல்லவில்லை, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "அந்தம்மா சொல்றதும் சரிதான்" என்றார். அணில் விஷயத்தை மட்டும் இன்னும் மன்னிக்கவில்லை.

முடிவு இப்படி ஆகியிருக்கிறது. வரலாறு, அரசியல் அறிவியல், பொருளாதாரத்தோடு கணக்கும் சேர்த்து எடுக்கப் பள்ளியில் விட்டால் அது, விடாவிட்டால் கணக்கு இல்லாமல். அவள் அப்பா இன்னும் பாதி மனசாகத்தான் இருக்கிறார், கணக்குவழக்கு சார் எழுதியதை இரண்டு தடவை எனக்குப் படித்துக் காட்டினார். நோட்டு வாங்கியாயிற்று. முதல் கேள்வி என்னவென்று நீங்களே ஊகித்திருப்பீர்கள். அவள் அனுமதியோடு இடது பக்கத்திலிருந்து கொஞ்சம் போடுகிறேன்:

"காக்கா சாப்பிட்டால் முன்னோர் சாப்பிட்டதாக எல்லோரும் நம்புகிறார்கள். காக்கா வராவிட்டால் அவர்களுக்குக் கோபம் என்கிறார்கள். அணில் வந்தால் என்ன என்று யாரும் சொல்லி வைக்கவில்லை. வந்தாலும் அர்த்தம், வராவிட்டாலும் அர்த்தம் என்றால், எது நடந்தால் நம் நம்பிக்கை தப்பு என்று ஒத்துக்கொள்வோம்? அப்படி ஒன்றுமே இல்லை என்றால் நாம் மாடியில் எதற்காகக் காத்திருந்தோம்?"

வலது பக்கம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. மூன்று நாளாக அதைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

புலியூர் வாத்தியார்

கடைசிக் கேள்வி அருமை, அதைத் தொடாதே என்று சொல்லுங்கள். ஆனால் முதல் வரியில் "எல்லோரும்" என்று போட்டிருக்கிறாளே, அது யார்? அன்று மாடியில் எத்தனை பேர் இருந்தார்கள், அவர்களில் எத்தனை பேரிடம் "நீங்கள் நிஜமாகவே அப்படி நம்புகிறீர்களா" என்று கேட்டாள்? கேட்டுவிட்டு வந்தால் வலது பக்கம் தானாக நிரம்பும்.

மாடிவீட்டுக்காரி

ஒன்பது பேர் ஐயா. பாட்டியிடம் மட்டும்தான் கேட்டாளாம். மற்றவர்களுக்கு இன்று சாயங்காலம் ஒவ்வொருவராகப் போன் போடப் போகிறாள். திதிக்கு வந்திருந்த நாத்தனாரையும் விடுவதாக இல்லை, அங்கே அப்போது மதியம்தான் ஆகியிருக்கும், சாப்பிட்டு முடித்திருப்பார்.